கர்னலில் அணைத்த வரி

“எந்த முதலாளி உனக்குச் சொல்லிக் கொடுத்தான்?”

சங்கத் தலைவர் சிவனாண்டி மேசையில் அறைந்த அறையில் கீபோர்டு துள்ளியது. செல்லூர் விசைத்தறித் தொழிலாளர்கள் பத்துப் பேர் சங்க அலுவலகத்தில் சுற்றி நின்றார்கள்.

சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பாண்டிமீனா தலை நிமிரவில்லை.

கூலி உயர்வு மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியல் எப்படியோ முதலாளி கைக்குப் போய்விட்டது. ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. நான்காவதாக ஒச்சாயிக்கும் போயிற்று. இன்று கண்டன நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரோ பென்டிரைவை ஏற்க மறுக்கிறது.

“பென்டிரைவ் கெட்டுப்போச்சாண்ணே?” என்றாள் ஒச்சாயி.

“அது நல்லாத்தான் இருக்கு. மனுசங்கதான் கெட்டுப்போனாங்க. ஏத்தா, எல்லாருக்கும் தெரியிற மாதிரி காட்டு!”

பாண்டிமீனா ஒரு கோப்பைத் திறந்தாள்.

“எதைச் சேக்கணும், எதைச் சேக்கக் கூடாதுன்னு தீர்மானிக்கிறது கர்னல்தாண்ணே, கம்ப்யூட்டரோட மூளை மாதிரி. அதோட அமைப்பு இது.” ஆயிரக்கணக்கான வரிகளில் தேடி ஒன்றில் விரலை வைத்தாள். “இது பென்டிரைவுக்கு. அணைஞ்சிருக்கு.”

“யார் அணைச்சது?”

“நான்தான். நேத்து கர்னலைக் கம்பைல் பண்ணி, புதுசாக் கட்டி ஏத்துனப்ப.”

“எதுக்கு?”

பாண்டிமீனா ஒச்சாயியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கோப்பை மூடினாள்.

“பாத்தீங்களா? கூட இருந்தே குழி பறிக்கிறவ! பட்டியலைக் கொடுத்தவளும் இவதான். எம்புட்டு வாங்குனே?” நாற்பது வருடம் போராட்டங்களில் லத்தியடி தாங்கிய சிவனாண்டி கதவைக் காட்டினார். “எல்லாரும் வெளிய நில்லுங்க. ராஜினாமா எழுதி வாங்கிட்டு வாரேன்.”

“எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி!” ஒச்சாயி காறித் துப்பிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அவர் தாளை எறிந்தார். பாண்டிமீனா மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இப்பவாவது சொல்லு. எதுக்கு அணைச்சே?”

“பட்டியலும் அதே பென்டிரைவ்லதாண்ணே இருக்கு. ஒவ்வொரு தடவையும் சிம்மக்கல் அச்சுக்கடையில அதைக் கொடுத்துட்டு நீங்க டீ குடிக்கப் போவீங்க. அந்தக் கடை கம்ப்யூட்டர்ல நம்ம பட்டியலை முந்தாநாள் பாத்தேன். கடைக்காரன் முதலாளிக்கு மச்சினன். நோட்டீசோட அது திரும்பவும் அங்க போகக் கூடாதுன்னுதான் அணைச்சேன். தனியாச் சொல்லத்தான் காலையிலயே வந்தேன், அதுக்குள்ள நீங்க கூட்டத்தைக் கூட்டிட்டீங்க. வேலை போனவங்க முன்னாடி உங்க பேரை நான் எப்பிடிண்ணே சொல்லுவேன்?”