கண்ணாடி அலமாரி

புதுக் கட்டடத்தின் ஆய்வகத்தில் எலும்புக்கூட்டுக்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி கேட்டு வாங்கியிருந்தார் அறிவியல் ஆசிரியர் கோமதிநாயகம். பெஞ்சு, தராசு, சோதனைக்குழாய் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டன. எலும்புக்கூட்டுக்கு மட்டும் தலைமையாசிரியர் பொன்னையா தடை போட்டார்.

"அது நின்னது போதும் சார். இங்கேயே இருக்கட்டும். அங்க பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அசல் எலும்பு சார் இது. பூட்டுன கட்டடத்துல விட்டுட்டுப் போனா நாளைக்கே காணாமப் போயிடும்."

கோமதிநாயகத்துக்குச் சந்தேகம் தட்டியது. பொன்னையா இதே பள்ளியில் படித்து, இதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தவர். ஆனால் ஆய்வக வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. அவருக்கு இதில் என்ன திடீர் அக்கறை? அவர் தம்பி டவுனில் தனியார் பள்ளி நடத்துகிறான். சரக்கு அங்கேதான் போகப்போகிறது.

விடக்கூடாதென்று பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டு எலும்புக்கூட்டைத் தூக்கச் சொன்னார்.

"மாப்பிள்ளை ஊர்வலம்டா. மாலை எங்கடா?" என்று சிரித்தான் ஒருவன்.

வராந்தாவில் நின்ற பொன்னையா சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

"இடது முழங்காலுக்குக் கீழ பாத்துப் பிடிங்கப்பா. அங்க ஒடஞ்சு, நாட்டுக்கட்டு போட்டு ஒட்டுனது. அப்ப நான் மூணாங் கிளாஸ்."

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அவர் கண்ணில் படாத மெல்லிய புடைப்பு ஒன்று அந்த எலும்பில் இருந்தது. அவர் நிமிர்ந்தபோது பொன்னையா செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றிருந்தார்.