வீட்டுக் கழிப்பறை

மைனாவதியின் வீட்டுக் கழிப்பறை சிறுநீரைப் பார்த்து, யாருக்கு என்ன நோய் என்பதைக் குடும்பத்தில் எல்லோருடைய செல்பேசிக்கும் அனுப்பிவிடும். மாமனாரின் சர்க்கரையை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

கணவன் லோகநாதன் வடக்கே ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்றாம் வாரம், சிறுநீர் கழிக்கும்போது அவளுக்கு எரிந்தது. வெள்ளைப்படுதல் மஞ்சளாகி நாற்றமடித்தது. எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகித்தாள். அவருக்கே தெரியாமல் ஒட்டியிருக்கும் என்றும் நினைத்தாள். மாமனார் செல்பேசியில் அது வந்தால் கணவன் தலைகுனிவாரே என்று, அந்தக் கழிப்பறைக்கே போகாமல், வீட்டில் குளியலறையிலும் வெளியே தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலுமாகச் சமாளித்தாள். சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. சரியாகிவிட்டதென்று இருந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு, தையல் மெஷின் முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஏழு வருடம் காத்திருந்து வந்த கரு, கருக்குழாயிலேயே தங்கி அதை வெடிக்கச் செய்திருந்தது.

"பழைய தொற்று ரெண்டு குழாயையும் கெடுத்திருச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "அப்பவே டெஸ்ட் பண்ணியிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். உங்க வீட்டு டாய்லெட்டுல காட்டலையா?"

"நான் அங்க போகலீங்க."

டாக்டரம்மா போனதும் லோகநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நானும் போகல, புள்ள. ஊருக்கு வந்ததுல இருந்து பெட்ரோல் பங்க் கக்கூஸுக்குத்தான் போயிட்டிருந்தேன்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

அவன் தலைகுனிந்தான். அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.