பாலிசியில் ஒரே ஒரு பெயர்

லொரெட்டா இப்படிக் கழுத்தறுப்பாள் என்று வெர்னா கனவிலும் நினைக்கவில்லை.

ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம். வாடகை பாதிப் பாதி. வீட்டுச் சாமான்களுக்கான இன்சூரன்ஸும் அப்படித்தான். மாதம் பதினெட்டு டாலர். விசாரித்து எடுத்ததெல்லாம் லொரெட்டா. மாதம் பிறந்தால் வெர்னா தன் பங்கு ஒன்பது டாலரை அவள் கையில் வைத்துவிடுவாள்.

நேற்று அந்தக் கட்டடமே எரிந்துவிட்டது. டுலூத் நகரத்து ஜனவரிக் குளிரில், கட்டிய துணியோடு சர்ச் ஹாலில் ஆளுக்கொரு மடக்குக் கட்டில்.

"அழாதடி. அதான் இன்சூரன்ஸ் இருக்கே, எல்லாம் வந்துடும்" என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டு, காலையில் லொரெட்டா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை. ஒரு நாள் போகாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

வெர்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு விலாசத்தைச் சொல்லி, இரண்டு பேருக்கும் எவ்வளவு வரும் என்று கேட்டாள்.

"அந்த வீட்டு பாலிசியில ஒரே ஒருத்தர் பேர்தான் மேடம் இருக்கு. கூட இருக்கிற ரூம்மேட்டுக்கு ஒண்ணும் கிடைக்காது. புருஷன் பொண்டாட்டின்னா வேற. ரூம்மேட்டுன்னா தனியா பேரைச் சேர்த்திருக்கணும்."

வெர்னா போனைப் பட்டென்று வைத்தாள்.

'என்கிட்ட காசையும் வாங்கிட்டு, தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டாளே பாவி!'

அந்த நேரம் பார்த்துத்தான் தீயணைப்பு அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார்.

"உங்க வீட்டு ஹால் ஹீட்டர்லதான் தீ பிடிச்சிருக்கு. அதை அணைக்காமப் போனது யாரும்மா?"

யார் என்று வெர்னாவுக்குத் தெரியும். ஈர சாக்ஸை அதன் மேல் காயப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனது வெர்னாவேதான்.

"அது... சொன்னா என்ன ஆகும் சார்?"

"யாரோட அலட்சியமோ அவங்க கட்டடத்துக்கு ஈடு கொடுக்கணும். இன்சூரன்ஸ் இருந்தா அவங்களுக்காகக் கம்பெனியே கொடுத்துடும். இல்லேன்னா, ஆயுசுக்கும் சம்பளத்துல பிடிப்பாங்க."

வெர்னா கொஞ்சம் யோசித்தாள். லொரெட்டாவுக்குக் கம்பெனி இருக்கிறது. தனக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்கு இதில் ஒரு காசு நஷ்டமில்லை. அப்படியே கொஞ்சம் அலைந்தால்தான் என்ன, செய்த காரியத்துக்கு!

"லொரெட்டாதான் சார். அவளுக்கு எப்பவுமே மறதி."

படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தாள்.

"வெர்னா பெக்ஸ்ட்ராம் நீங்கதானே? எரிஞ்சு போன சாமான் லிஸ்ட் எடுக்கணும்."

"என்கிட்ட எதுக்கு? பாலிசி லொரெட்டா பேர்ல இல்ல இருக்கு?"

"இல்லையே. உங்க பேர்ல மட்டும்தான் இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"முதல்ல லொரெட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்காங்க. அவங்க பழைய வீட்டுல ரெண்டு தடவை நஷ்டஈடு வாங்கினவங்க. அதனால அவங்க பேரையும் சேர்த்தா மாசம் நாப்பத்தி மூணு டாலர்னு வந்திருக்கு. 'அவளால அவ்வளவு கொடுக்க முடியாது, என் பேரை எடுத்துடுங்க, அவ பேர் மட்டும் இருக்கட்டும்'னு சொல்லியிருக்காங்க. இதோ பாருங்க, விண்ணப்பம். உங்க கையெழுத்துதானே?"

வெர்னாவின் கையெழுத்துதான். லொரெட்டா போனை நீட்டி, 'இங்க விரலால கிறுக்கு' என்றபோது, என்ன ஏது என்று பார்க்காமல் கிறுக்கியது.

தனக்கு ஒன்றுமே வராது என்று தெரிந்தும், லொரெட்டா மாதா மாதம் பாதியைக் கட்டியிருக்கிறாள்! அவளைப் போய்...

"ஹீட்டரை அணைக்காம விட்டது நான்தாங்க! லொரெட்டா இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பேப்பரை மாத்தச் சொல்லுங்க!"

அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீங்கன்னு காலையிலேயே சொல்லியிருந்தா கட்டடத்துக்கும் நாங்களே கொடுத்திருப்போம். யாருக்கும் கஷ்டம் இல்லை. இப்ப பாலிசி உங்க பேர்ல இருக்குன்னு தெரிஞ்சதும் மாத்திச் சொன்னா, தோழியைக் காப்பாத்தச் சொல்றீங்கன்னுதான் எங்க ஆபீஸ்ல நினைப்பாங்க. அதோட, தீயணைப்பு அதிகாரி லொரெட்டா வேலை செய்யற இடத்துக்கே போய்க் கேட்டுட்டாராம். அவங்களும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு."

"ஒத்துக்கிட்டாளா? அவ எப்படிங்க ஒத்துக்குவா?"

"'எனக்கு ஞாபகம் இல்லை சார். ஆனா வெர்னா சொன்னா சரியாத்தான் இருக்கும், அவ பொய் சொல்ற ஆளே இல்லை'ன்னு சொன்னாங்களாம்."