கடைசிப் பாட்டு

சடுகுடு பாடித் திரும்பிய காலனிப் பையன் வேம்பு நடுக்கோட்டைத் தொட்டபடி விழுந்ததும் அம்பயர் குருநாதன் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

"தொட்டுட்டேன் சார்! தோள்பட்டையில தொட்டேன்!" மண்ணில் கிடந்தபடியே கத்தினான் வேம்பு.

அதுதான் கடைசிப் பாட்டு. கிழக்குத் தெரு அணியில் அவுட்டாகாமல் மிச்சமிருந்தது அதன் கேப்டன் இராமலிங்கம் ஒருவன்தான். அவனும் அவுட் என்றால் காலனி ஜெயிக்கும். இல்லையென்றால் கோப்பை கிழக்குத் தெருவுக்கு.

இராமலிங்கம் தோளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

சிறுவாச்சூர்ப் பக்கத்து அந்த ஊரில் காலனிப் பையன்கள் சடுகுடுப் போட்டியில் இறங்கியது எழுபத்தெட்டில்தான். எல்லா அணியையும் சேர்க்க வேண்டும், அம்பயர் வெளியூர் ஆளாக இருக்க வேண்டும் என்று சடுகுடுச் சங்கம் கறாராகச் சொல்லி, அரியலூரிலிருந்து குருநாதனை அனுப்பியிருந்தது. அதுவரை உள்ளூர் ஆட்களே விசில் ஊதினார்கள். கிழக்குத் தெரு தோற்றதே இல்லை.

புழுதி இன்னும் அடங்கவில்லை.

வேம்புவின் விரல் பட்டதைப் பார்த்த மாதிரிதான் குருநாதனுக்கு இருந்தது. பார்த்தாரா, பட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரா? அதுதான் விளங்கவில்லை.

கோட்டோரம் நின்ற இரண்டு நடுவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர் இல்லை என்றார். இன்னொருவர், புழுதியில் தெரியவில்லை என்றார்.

கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. காலனிப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது.

சந்தேகத்துக்குப் புள்ளி கிடையாது. குருநாதன் கையை விரித்துக் காட்டினார். தொடவில்லை.

வேம்புவின் முகத்தில் கோபம்கூட இல்லை. தெரிந்த சங்கதிதானே என்பது போல எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"தொட்டான் சார்."

சொன்னது இராமலிங்கம்.

நாற்காலியிலிருந்து அவனுடைய அப்பா எழுந்துவிட்டார். "ஊரே கூடியிருக்கிற எடத்துல, அவன் தொட்டான்னு ஒன் வாயாலயே சொல்றியேடா!"

இராமலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி வெளியே போய், அவுட்டானவர்களோடு உட்கார்ந்தான்.

குருநாதன் விசிலை நீளமாக ஊதினார். "நான் சொன்னது தப்பு. தொட்டது தொட்டதுதான். காலனி ஜெயிச்சிருச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தன் தீர்ப்பு தப்பு என்று ஒரு அம்பயர் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை.

கூட்டம் ஏசிக்கொண்டே கலைந்தபோது இராமலிங்கம் அவர் பக்கத்தில் வந்தான்.

"நீங்க நேர் எதிர்லதான சார் நின்னீங்க. நெசமாவே தெரியலையா?"

குருநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு தம்பி. எங்க ஊர்ல நானும் காலனிதான். அதான் என் கண்ணையே நான் நம்பல."