குழந்தையை ஏற்பவர்

"இன்னாக்கா, அந்த ஆளுக்கு இன்னும் பொண்ணு கெடைக்கலியா?"

டீ கிளாஸை மேஜைமேல் வைத்தபடி கேட்டான் பார்த்திபன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கேலி பேசும் அளவுக்குப் பழகிவிட்டான்.

"பொண்ணுங்க கெடச்சிட்டாங்க பார்த்தி. வந்து சேரத்தான் லேட்டாவுது," என்றாள் ஜெயப்பிரியா. கண்களைக் கணினியின் கருப்புத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

திருப்போரூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்தத் திருமணத் தகவல் இணையதளத்தின் அலுவலகம். பதிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது; நாளைக் காலை முதல் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் அதில் வரன் தேடலாம். தேடல் எத்தனை வேகமாக நடக்கிறது என்று அளப்பது ஜெயப்பிரியாவின் வேலை. அதற்காகச் சில சோதனை ஆட்களைப் பதிவு செய்திருந்தாள். இன்று அவர்களில் ஒருவருக்குத்தான் தேடிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது, படாளத்தில் உரக்கடை, மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. அவருக்குப் பொருந்தும் பெண்களைக் கேட்டுக் கட்டளை தட்டினால், பெயர்களுக்குக் கீழே, டேட்டாபேஸ் எடுத்துக்கொண்ட நேரம் வந்து நிற்கும்.

வயது, ஊர், படிப்பு என்று கேட்டால் பதில் உடனே வந்தது. 'குழந்தையை ஏற்பவர்' என்ற கட்டத்தைச் சேர்த்ததும் தேடல் நொண்டியது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம் என்று உரிமையாளர் தீனதயாளன் காலையிலேயே சொல்லிவிட்டார். எப்போதோ ஒருவர் கேட்கப்போவதற்காக எல்லாரையும் ஏன் காக்க வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். நாளை முதல் ஜெயப்பிரியா நீண்ட விடுப்பில் போகிறாள். வேறு கம்பெனிக்கு மாறப்போகிறாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. எப்படியோ, அவள் போன பிறகு அந்தக் கட்டத்துக்காக மல்லுக்கட்ட அங்கே ஆள் கிடையாது.

"சார் சொல்றாருல்ல, தூக்கிக் கடாசிட்டு வூட்டுக்குக் கெளம்புக்கா. தேடல் பறக்கும் பாரு."

"அத எடுத்துட்டா அவருக்குப் பொண்ணு தேடறதுல அர்த்தமே இல்ல."

"சரியாப் போச்சு. இல்லாத ஆளுக்கு இவ்ளோ கவலப்படற ஒரே ஆளு நீதான்."

ஜெயப்பிரியா லேசாகச் சிரித்தாள். சர்வரை அணைத்து மறுபடி ஏற்றினாள். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் அப்படித்தான் செய்தாள். இரண்டாம் முறை கேட்டால் சீக்கிரமே வந்துவிடுகிறதே, அந்த நேரத்தைச் சாரிடம் காட்டிவிட்டால் என்ன என்று பார்த்திபன் யோசனை சொன்னான்.

"அது சர்வருக்கு ஞாபகம் இருக்கறதால வர்ற வேகம். புதுசா வர்றவருக்கு அது கெடைக்காது," என்றாள் அவள். "அவரே மனசில்லாமத்தான் வந்து ஒக்காருவாரு. போன்ல அந்த வட்டம் சுத்திகினே கீதுன்னு வையி, நமக்கெதுக்கு இதெல்லாம்னு மூடிடுவாரு. அப்புறம் தொறக்கவே மாட்டாரு."

"யாரு?"

"யாரா இருந்தா இன்னா. பொண்டாட்டி செத்துப்போன ஆம்பள வேற எப்பிடி வருவான்?"

குழந்தைகளைப் பற்றிய விவரங்கள் தனி அட்டவணையில் இருந்தன. தேடல் சீக்கிரம் நடக்க அதற்கு ஒரு இண்டெக்ஸ், அதாவது அகரவரிசை மாதிரி ஒரு குறிப்புப் பட்டியல், போட்டுப் பார்த்தாள். பெரிய பயன் இல்லை. கட்டளையைத் திருப்பி எழுதினாள். கொஞ்சம் குறைந்தது. நடுநடுவே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ராவெல்லாம் இதே வேலையாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான் பார்த்திபன். ஒரு கட்டத்தில் அவனே விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். அவள் சொல்லச் சொல்லத் தட்டினான். இரண்டு அட்டவணைகளையும் சேர்க்கும் இடத்தில் கோளாறு என்று பிற்பகலில்தான் பிடிபட்டது.

சர்வரை மீண்டும் ஏற்றிவிட்டு என்டரைத் தட்டினான். கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது.

வேகமாக வந்தது சரியாகவும் வந்ததா என்று அவள் பழைய விடையோடு ஒப்பிட்டாள். அதே பெண்கள். அதோடு விடாமல் ஒவ்வொரு பெண்ணின் விவரத்தையும் மெதுவாகப் படித்தாள். அச்சரப்பாக்கத்தில் ஒரு டீச்சர். மாமல்லபுரத்தில் ஒரு நர்ஸ்.

"இன்னாக்கா, மாமியாரு மாதிரி ஒவ்வொண்ணா அலசுற?"

"யாரோ ஒருத்தராவது அலசணும்ல," என்றாள் அவள்.

தீனதயாளன் வந்து தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கட்டம் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டு போனார். பிறகு ஜெயப்பிரியா, சோதனைக்குப் போட்டவர்களை எல்லாம் அழித்துவிடும்படியும், படாளத்துக்காரரை மட்டும் விட்டுவைக்கும்படியும் சொன்னாள்.

"அவரு எதுக்குக்கா?"

"அப்பறமா தேவப்படுவாரு. மறந்துடாத பார்த்தி."

அவள் போன் அடித்தது. கணவர் கீழே வந்துவிட்டதாகச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பார்த்திபன் ஒவ்வொரு பதிவாக அழித்துக்கொண்டு வந்தான். அந்த ஒருவரிடம் வந்ததும் கை நின்றது. கருப்புத் திரையில் எழுத்தாக மட்டுமே பார்த்திருந்த ஆளை, முதல்முறையாக இணையதளப் பக்கத்தில் திறந்தான். 'மனைவியை இழந்தவர்' என்ற வரிக்கு மேலே, உர மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஒருவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழே ஆட்டோ சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தான். அதே மனிதர், ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜெயப்பிரியாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்த சின்னப் பெண் அம்மாவுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.