பலீலுக்குக் கொடுக்காத வழக்குகள்

"ரெண்டு வருஷத்திலை முப்பத்தொரு காணி வழக்கு. அதிலை ஒண்டாவது பலீலுக்குக் குடுத்திருக்கிறாரோ? நீங்களே கேளுங்கோ, சேர்!"

விஜயரத்தினத்தின் குரல், இணக்க சபை கூடியிருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியேயும் கேட்டது. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்று, நாவுல ஊர்ப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர் அவர். அநியாயம் என்று பட்டுவிட்டால் பெட்டிஷன் எழுதாமல் சோறு இறங்காது. இந்த முறை சபைத் தலைவர் ஸக்கரியா மீதே எழுதிவிட்டார்.

அதை விசாரிக்கத்தான் கொழும்பிலிருந்து அதிகாரி ஆறுமுகநாதன் வந்திருந்தார்.

ஊர்ச் சண்டைகள் கோர்ட்டுக்குப் போகுமுன் இந்தச் சபைக்கு வரவேண்டும். பன்னிரண்டு அங்கத்தவர்களில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். எந்த வழக்குக்கு எந்த மூவர் என்பது தலைவரின் இஷ்டம். அந்த இஷ்டம்தான் இப்போது சந்திக்கு வந்திருந்தது.

ஆறுமுகநாதன் பதிவேட்டைப் புரட்டினார்.

"பலீலுக்குக் குடுத்தது... மாடு வயலுக்குள்ளை இறங்கினது. கோழி களவு போனது. ஏச்சுப்பேச்சு. திரும்பவும் மாடு."

அங்கத்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான பலீல் மட்டும் சிரிக்கவில்லை. இப்படியொரு பெட்டிஷன் போனதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாட்டு வழக்கானாலும் பலீல் விசாரித்தால் அது தனி அழகு. முறைத்துக்கொண்டு வருகிற மாட்டுக்காரனும் வயல்காரனும், போகும்போது ஒரே கடையில் தேத்தண்ணி குடிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு காணி வழக்குக் கிடையாதென்றால் யாருக்குத்தான் மனம் கொதிக்காது?

"காணி வழக்கெல்லாம் தனக்கும் தன்ரை ஆக்களுக்கும் எண்டு வைச்சிருக்கிறார். ஏன் எண்டு எல்லாருக்கும் விளங்கும்" என்றார் விஜயரத்தினம். லஞ்சம் என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. உள்ளங்கையைச் சொறிந்து காட்டினார்.

ஆறுமுகநாதன் ஸக்கரியாவைப் பார்த்தார். "வழக்கைப் பிரிச்சுக் குடுக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கு. நான் அதைக் கேக்கேல்லை. காரணத்தைத்தான் கேக்கிறன்."

ஸக்கரியா தலைகுனிந்து நின்றார். மூன்று தலைமுறையாக அந்த ஊரில் புடவைக்கடை நடத்துகிற குடும்பம்.

"காரணம் ஒண்டுமில்ல, சேர். எனக்கு அப்படித் தோணிச்சு."

"அப்பிடிச் சொன்னால் உங்கடை பேரை வெட்டத்தான் வேணும். காசு வாங்கினவர் எண்டுதான் ஊர் கதைக்கும்."

"வெட்டுங்க, சேர்."

"பாத்தீங்களோ!" என்று விஜயரத்தினம் எல்லோரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆறுமுகநாதன் பெட்டிஷனை எடுத்துப் பலீலிடம் நீட்டினார். "பாதிக்கப்பட்டது நீங்கள். வாசிச்சுப் பாத்து, சரியோ பிழையோ எண்டு கீழை ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

பலீல் தாளை வாங்கினார்.

அவ்வளவுதான், ஸக்கரியா பதறிக்கொண்டு முன்னே வந்தார்.

"அது எதுக்கு, சேர்? அவருக்கு ஏன் இந்தக் கரைச்சல்? அதுல எழுதியிருக்கிறது எல்லாம் சரி. பிழை என்னுடையதுதான். இப்பவே ராஜினாமா எழுதித் தாறேன். அந்தத் தாள மட்டும் அவருக்கிட்ட இருந்து வாங்கிடுங்க."

மண்டபம் முணுமுணுத்தது. குற்றம் செய்தவரல்லாமல் வேறு யார் இப்படிப் பதறுவார்?

பலீல் தாளைப் பார்க்கவில்லை. ஸக்கரியாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை மேசையில் வைத்தார்.

"சேர், எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் பழகி வச்சிருக்கேன். காணி வழக்குண்டா உறுதிப் பத்திரம் வாசிக்கணும், பிளான் பார்க்கணும். எல்லாருக்கும் முன்னால என் மானம் போயிருக்கும்."

விஜயரத்தினம் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"இத நான் ஸக்கரியா நானாகிட்ட ஒருநாளும் சொன்னதில்ல, சேர். அவரும் ஒருநாளும் கேட்டதில்ல."