எஞ்சின் மேல் வைத்த பொட்டு

காளை மறுபடியும் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது.

"மாப்ள, கெழட்டு மாட்டுக்குக் கன்னுக்குட்டி நெஞ்ச வச்சுத் தச்சிருக்க. அது எங்கிட்டுத் துள்ளும்?" என்றான், கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்தபடி.

விருமாண்டி குனிந்து ஒயர்களை அழுத்திப் பார்த்தார். மதுரை பழங்காநத்தத்தில் அவர் வீட்டு முற்றத்தில் நின்றது ஒரு கறுப்பு மாரிஸ் மைனர். அவர் அப்பா ஓட்டிய கார். அதன் பழைய எஞ்சின் வேப்பமரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தது. திறந்திருந்த பானட்டுக்குள், பெரியவர் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளைபோல, மாருதி வேனின் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வேனின் எஞ்சின்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கப்பலூரில் பழைய இரும்பு வாங்குபவர்தான் இந்தத் தெருவைச் சொன்னார். கொட்டாம்பட்டி ரோட்டில் லாரி மோதியதில், எங்கள் வேனில் தேறியது சீட்டுக்கு அடியில் இருந்த அது ஒன்றுதான். இவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மழைத்தண்ணீரில் நின்று உடம்பு கெட்டுப்போன வண்டி என்று சொல்லியிருந்தார். எண்பத்தேழில் அந்த எஞ்சின் கிடைப்பதே பெரிது. யாரும் துருவிக் கேட்கவில்லை.

அடிபட்ட வண்டியுடையது என்று தெரிந்தால், பொழுது சாய்வதற்குள் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

அது ஓடுகிற சத்தத்தை நான் ஒருமுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

"சாமி கும்பிடாமச் சாவியப் போட்டா இப்பிடித்தான்" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். விருமாண்டியின் மனைவி ஜெயக்கொடி.

"நீ ஒதுங்கி உக்காந்துக்கிட்டு இம்புட்டுப் பேசுற. பொட்டு வச்சுச் சூடம் காட்டுறது யாரு, நானா?" என்றார் விருமாண்டி.

வண்டிக்கு முதல் பொட்டு வைப்பது கட்டியவள் கை. ஜெயக்கொடிக்கு அன்று வீட்டுக்குத் தூரம்.

"அந்தா, கேட்டு வாசல்ல ஒரு அக்கா பூவும் பொட்டுமா மகாலட்சுமி கணக்கா நிக்கிறாகள்ல. அவுகளக் கூப்புடுங்க."

திரும்பிப் போயிருக்கலாம். கால் உள்ளே போனது.

"அண்ணன் வரலையாக்கா? ஆம்பள ஒருத்தர் இருந்தாத் தள்ளவாச்சும் ஆவும்" என்றான் காளை.

"பின்னால வாராக" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம். பானட்டுக்குள் குனிந்தேன்.

எஞ்சின் மேல்மூடியின் ஓரத்தில் காசளவுக்கு ஒரு கருகிய வட்டம். கறை என்று நினைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். போகவில்லை. அது போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம். சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் வைத்துவிட்டு எழுந்தவளை நிறுத்தி, சீட்டைத் தூக்கிக் காட்டினார் என் வீட்டுக்காரர். "உசுரு இங்கனதான இருக்கு. இங்கன வையி."

அதே வட்டத்தில் விரலை வைத்தேன்.

காலையிலிருந்து ஒருமுறைகூட ஓடாத எஞ்சின். விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கி எழுந்த ஆளின் நெற்றிபோல.

"யக்கா, சூடத்தத் தள்ளி நின்னு காட்டுங்க. பெட்ரோலு ஒழுகுது. எல்லாரும் ஒண்ணாப் போயிரப் போறோம்" என்று சிரித்தான் காளை.

காட்டினேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். விருமாண்டி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

இருமவில்லை. உடனே பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதுதான் நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன். அன்றும் கை தானாக எதையோ தேடியது. தட்டு கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன்.

"துள்ளுதுடா மாப்ள, கன்னுக்குட்டி துள்ளுது!"

பழங்கள் நசுங்கின. கார் தெருவுக்கு இறங்கி, ஒரு சுற்றுப் போய்வர, எதிர்ப்பக்கம் திரும்பி மறைந்தது.

"ராசியான கைக்கா ஒங்களுக்கு. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ஜெயக்கொடி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனைக் குழாயடியில் ஆள் இல்லை. தலையிலிருந்த மல்லிகையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தேன். முந்தானையை நனைத்து நெற்றியை அழுத்தித் துடைத்தேன்.

பேரையூர் பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நாளுக்குப் பிறகு அவர்கள் என்னைப் பொட்டோடு பார்த்ததில்லை. எஞ்சினைத் தேடி வந்த அன்று காலை, மதுரையில் இறங்கியதும்தான் பூ வாங்கினேன். ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டேன். அவர் வண்டிச் சத்தத்தைக் கேட்கப் போகிறேன். வெறும் நெற்றியோடு எப்படிப் போவது?

ரோட்டுக்கு வந்து நடந்தேன். பின்னால் அந்தச் சத்தம் வந்தது.

நான் திரும்பவில்லை. அது என்னை ஒட்டி வந்து, மெதுவாகி, நின்றது. எஞ்சின் அணைந்தது. இடதுபக்கக் கதவின் கொக்கி விடுபட்டு, கதவு ஒரு சாண் திறந்தது.

அவர் அப்படித்தான் நிறுத்துவார். உட்கார்ந்தபடியே எட்டி, உள்ளிருந்து கதவைத் தள்ளிவிடுவார்.

விருமாண்டியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. அவர் என் ஈர நெற்றியைப் பார்த்தார். பிறகு, திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"நான் நிறுத்தலக்கா" என்றார்.